பதினான்கு படிகளும் ஐந்து சதவீதமும்

14-3-1998: 44 நிமிடம் 6 நொடி.
4-4-1998: 300 கேசட்.
5-4-1998: 1 சண்டை.
5-4-1998 முதல் 17-6-2023 வரை: 391 கடிதங்கள்.
6-2-2023: வெளியூரிலிருந்து 1 கடிதம்.
18-6-2023: 14 படிகள்.
20-10-2023: 42 நிமிடம், சரியாக.

மேலே சொன்ன பதினான்கு படிகள் ஒரு வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் இருக்கின்றன. கீழ்வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு அருகில் தொடங்கி மேல்வீட்டு வாசலில் முடிகின்றன. ஒரு படியின் உயரம் பதினேழு சென்டிமீட்டர். மொத்தம் இரண்டு மீட்டர் முப்பத்தெட்டு சென்டிமீட்டர். இந்த உயரத்தைக் கடக்க ஒரு பூனைக்கு நான்கு நொடி போதும். ஒரு கடிதத்துக்கு மூன்று நாள் ஆனது. மேல்வீட்டில் எழுதிய கடிதம் தெருமுனைத் தபால் பெட்டியில் விழும், ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தலைமைத் தபால் நிலையத்துக்குப் போகும், அங்கே முத்திரை வாங்கிக்கொண்டு, தபால்காரரின் பையில் ஏறி, புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்து கீழ்வீட்டுக் கதவிடுக்கில் விழும். இருபத்தைந்து வருடம் இப்படித்தான் நடந்தது.

"ஏம்மா, மாடியப் பாத்து ஒரு சத்தம் போட்டா கேக்காதா?" என்று ஒருமுறை தபால்காரர் பொறுக்க மாட்டாமல் கேட்டார்.

"சத்தம் போட்டதுனாலதான் தபால்," என்றார் கீழ்வீட்டு அம்மாள்.

இந்தக் கீழ்வீட்டு அம்மாளைத்தான் இங்கே அண்ணி என்று குறிப்பிடுகிறோம். தெருவில் பாதிப் பேர் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அப்படிக் கூப்பிடும் உரிமையுள்ள ஒரே ஆள், அதாவது அவருடைய கணவரின் தங்கை, மேல்வீட்டில் இருந்தும் 5-4-1998க்குப் பிறகு வாய் திறந்து அப்படிக் கூப்பிடவில்லை. கடித உறையில் மட்டும் எழுதினார்.

அண்ணியின் வேலை ஆஸ்பத்திரியில் காது சோதிப்பது. சத்தம் புகாத ஓர் அறை. நீளம் இரண்டு மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். உள்ளே நோயாளி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்காருவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அண்ணி பொத்தானை அழுத்தி "பீப்" அனுப்புவார். கேட்டால் நோயாளி கையில் இருக்கும் சுவிட்சை அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய நானூறு பீப். ஒலியே அனுப்பாதபோதும் சுவிட்சை அழுத்தும் ஆசாமிகள் உண்டு. அவர்களிடம் அண்ணி, "யார் காதுல பூ சுத்தறீங்க? நான் இன்னும் மெஷினையே போடலை," என்பார். ஆயிரம் ஹெர்ட்ஸ் என்றால் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தன் பெயரைவிட நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவர் "பீப் அம்மா."

நாத்தனாரின் வேலை பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நோட்டில் எழுதுவது. மற்ற டைம் கீப்பர்கள் நிமிடம் எழுதுவார்கள். இவர் நொடி எழுதுவார். ஐந்து நொடி முன்னதாக வண்டியை எடுத்த ஓட்டுநரை விசில் ஊதி ரிவர்ஸில் வரவழைத்து, ஐந்து நொடி நிறுத்தி வைத்து, மறுபடி அனுப்பினார் என்பது பணிமனையில் இன்றும் பேசப்படும் செய்தி. நான் விசாரித்தவரை அது உண்மை. ஓட்டுநர்கள் வைத்த பெயர் "நொடிக்காரி."

இந்த இரண்டு பேரும் சேர்ந்து மின்னிசை செய்தார்கள் என்பதுதான் விஷயம்.

1995இல் நாத்தனார் பணிமாற்றலாகி மேல்வீட்டுக்குக் குடி வந்தபோது தொடங்கியது அது. அண்ணியிடம் ஒரு பழைய சின்தசைசர், அதாவது மின்சாரத்தில் சுரம் எழுப்பும் கீபோர்டு, இருந்தது. நாத்தனார் ஒரு ரிதம் பாக்ஸ் வாங்கினார். தாளத்தை நொடி பிசகாமல் தட்டும் பெட்டி. மனிதர்களைவிட அது தனக்கு ஒத்துப்போகிறது என்று சொல்லிக்கொண்டார். பெரிய டாக்டரின் அனுமதியோடு, சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், ஆஸ்பத்திரியின் அந்தச் சத்தம் புகாத அறையில் இருவரும் இரண்டு மெஷின்களோடு ஒடுங்கி உட்கார்ந்து பதிவு செய்தார்கள். மின்விசிறி ஓடினால் அதன் சத்தமும் பதிவாகும் என்பதால் அதை நிறுத்திவிடுவார்கள். வேர்த்து விறுவிறுத்து வெளியே வரும் இருவரையும் பார்த்துக் காவலாளி, "ஜெயில்ல கூட காத்து வரும்மா," என்பார். காது சோதிக்கும் பீப்பும் டிக்கெட் பஞ்ச் செய்யும் "டக்"கும் சேர்ந்ததுதான் அவர்களின் முதல் பாட்டு.

தங்கள் குழுவுக்கு "மின்வெட்டு" என்று பெயர் வைத்தார்கள். அதனால் வந்த வினை தனிக்கதை. 1997இல் "சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மின்வெட்டு" என்று சுவரொட்டி ஒட்டியதில், தெருக்காரர்கள் மெழுகுவர்த்தி வாங்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஒருவர் மின்வாரியத்திலிருந்து, யாரைக் கேட்டு அறிவித்தீர்கள் என்று விசாரிக்க வந்தவர். ஆனாலும் கடைசி வரை இருந்து கேட்டுவிட்டுத்தான் போனார்.

14-3-1998 அன்று முதல் ஆல்பத்தின் பதிவு முடிந்தது. நாத்தனார் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து நோட்டில் எழுதினார்: 44 நிமிடம் 6 நொடி. பிரதி எடுக்கும் கடையில் கொடுத்தார்கள். 4-4-1998 அன்று முந்நூறு கேசட்டுகள் மூன்று அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கின. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கீழ்வீட்டுக் கூடத்தில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து முதல் பாட்டைக் கேட்டார்கள். ஒரு நிமிடம் ஆனது. இருவர் முகமும் ஒரே சமயத்தில் சுருங்கியது.

"யாரு சுருதித் திருகைத் தொட்டது?" என்றார் அண்ணி.

"யாரு வேகத் திருகைத் தொட்டது?" என்றார் நாத்தனார்.

அண்ணியின் காதுக்குச் சின்தசைசர் ஏறக்குறைய அரை சுரம் ஏறிக் கேட்டது. தான் சரியாகத்தான் வைத்தோம் என்று அவருக்குத் தெரியும். அப்படியானால் துடைக்கிறேன் பேர்வழி என்று எந்நேரமும் மெஷினைத் தடவிக்கொண்டிருக்கும் நாத்தனார்தான் தொட்டிருக்க வேண்டும். நாத்தனார் ஸ்டாப்வாட்சை எடுத்துத் தாளத்தை எண்ணினார். நிமிடத்துக்கு நூற்றிருபது இருக்க வேண்டியது நூற்றிருபத்தாறு. தான் நூற்றிருபதுதான் வைத்தோம் என்று அவருக்குத் தெரியும். அப்படியானால் "என்னடி இது, நத்தை மாதிரி ஊருது" என்று சதா குறைசொல்லும் அண்ணிதான் திருகியிருக்க வேண்டும்.

"காது சோதிக்கிறவகிட்டயே சுருதி பேசறியா?"

"நான் பேசறது வேகம் அண்ணி! சுருதி எனக்கு எப்படிக் கேக்கும்? எனக்குப் பாட்டும் ஒண்ணுதான், பஸ் ஹாரனும் ஒண்ணுதான்."

"அதான் தெரியுதே!"

"உங்களுக்கு எண்ணத் தெரியுமா? ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எண்ணினா நடுவுல ரெண்டு காணாமப் போகும்!"

பணிமனையில் நொடிக்காரி என்று பேர் வாங்கியவரை, முந்நூறு கேசட்டில் வேகமாக ஓடியவர் என்று சொன்னால் தாங்குவாரா? ஆஸ்பத்திரியில் பீப் அம்மாவாக இருப்பவரைச் சுருதி தப்பியவர் என்று சொன்னால் தாங்குவாரா? இருபது நிமிடம் வாய்ச்சண்டை நடந்தது. கடைசியில் நாத்தனார் ரிதம் பாக்ஸைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இனிமே எதாவது சொல்லணும்னா தபால்ல சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் பதினான்கு படியும் ஏறிப் போய்க் கதவைச் சாத்தினார்.

சொன்ன சொல்லை நொடி பிசகாமல் காப்பவர் அவர். அன்று மாலையே முதல் கடிதம் புறப்பட்டது.

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு. அவர் அண்ணியின் கணவர், நாத்தனாரின் அண்ணன், பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். சீசாக்களுக்கு லேபிள் ஒட்டியே பழகியவர். இரண்டு பக்கமும் பேசுவார், ஆனால் சேதி மட்டும் கொண்டுபோக மாட்டார். "நான் ரெண்டு பேருக்கும் வேணும். என்னை விட்டுருங்க," என்பது அவர் பல்லவி. சண்டை நடந்த அன்று, பிரதிக்கடை திருப்பித் தந்த மூலக் கேசட்டை இருவரும் சாட்சிக்குத் தேடியபோது, அது வெளியே வந்தால் ரத்தக் களரி ஆகிவிடும் என்று அவர் பயந்தார். காதும் காதும் வைத்தாற்போல் எடுத்து ஒளித்துவைத்தார். சமாதானத்துக்காகத்தான் செய்தார். இது பின்னால் வரும்.

கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை பெரும்பாலும் பணிமனை அறிக்கை போல இருக்கும். "அண்ணி அவர்களுக்கு. கடந்த செவ்வாய்க்கிழமை காலை 6 மணி 12 நிமிடம் முதல் 6 மணி 31 நிமிடம் வரை மேல்தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டாரை நிறுத்தக் கேட்டுக்கொள்கிறேன்." கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேரும். அண்ணியின் பதில் திங்கட்கிழமை மேலே போய்ச் சேரும்: "வழிந்ததைக் கவனித்தேன். காதில் விழுந்தது." மேலேயிருந்து கீழே வந்தவை 204. கீழேயிருந்து மேலே போனவை 187. ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டிய அட்டைக் கோப்புகளில் இருவரும் தேதி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். முந்நூறு கேசட்டில் விற்றவை எண்பத்து மூன்று. மீதி கட்டிலுக்கடியில் கிடந்தன.

6-2-2023, திங்கட்கிழமை, வேறோர் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய பொருள் கடையில் அந்த எண்பத்து மூன்றில் ஒரு கேசட் சிக்கியதாம். எழுதியவர் சின்ன இசைக் கம்பெனி நடத்துபவர். கூட்டங்களில் அதைப் போட்டால் ஜனங்கள் ஆடுகிறார்கள், "மின்வெட்டு" யார் என்று கேட்கிறார்கள், இருவரும் சேர்ந்து புதிய ஆல்பம் செய்து தந்தால் அக்டோபரில் வெளியிடுகிறேன், ஒருவர் மட்டும் என்றால் வேண்டாம், இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அண்ணி அதை நின்றபடியே மூன்று முறை படித்தார். பிறகு உட்கார்ந்து ஒருமுறை படித்தார்.

அவர் அப்படி ஆசைப்பட ஒரு காரணம் இருந்தது. அது அவருக்கும் ஒரு காகிதத்துக்கும் மட்டுமே தெரியும். ஓய்வு பெற்ற பிறகும், அந்த மெஷின் வேறு யார் சொல்லும் கேட்பதில்லை என்பதால், வாரம் மூன்று நாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வருடா வருடம் ஜனவரியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, தன் காதையும் சோதித்துக்கொள்வார். 2019இல் எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு 25 டெசிபல். 2021இல் 40. 2023 ஜனவரியில் 55. நாலாயிரத்துக்கே 40. இந்த எண்கள் ஏற ஏறக் காது இறங்குகிறது என்று அர்த்தம். மேலே இருக்கும் மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாக விடை பெற்றுக்கொண்டிருந்தன. முழுக்கப் போவதற்குள் இன்னும் ஒரே ஓர் ஆல்பம். அதைத் தன் காதாலேயே கேட்டுவிட வேண்டும். அதற்கு நாத்தனார் வேண்டும்.

வீட்டுக்காரரிடம், அதாவது கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் வேறு விதத்தில் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாசல்ல நின்னு பெல் அடிச்சு அடிச்சு என் விரல் தேஞ்சு போச்சு. உள்ள என்னதான் பண்றே?"

"பெல் ரிப்பேர்," என்றார் அண்ணி.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். குருவி போலக் கீச்சிடும் பெல் அது. "நல்லாத்தான் கத்துதும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி மேலே கடிதம் போட்டார். மூன்று நாள் போக, மூன்று நாள் வர. ஏழாம் நாள் பதில் வந்தது. "அண்ணி அவர்களுக்கு. சம்மதம். நிபந்தனைகள் வருமாறு. நேரில் சந்திப்பு இல்லை. வேகத் திருகு என் வசம். சுருதித் திருகு உங்கள் வசம். ஒருவர் மெஷினை மற்றவர் தூசி தட்டக்கூடாது."

இப்படியாகத்தான், உலகத்தில் வேறு யாரும் செய்யாத விதத்தில், ஒரே வீட்டுக்குள் தபாலில் ஒரு ஆல்பம் தயாராகத் தொடங்கியது. நாத்தனார் மேலே தாளத்தைப் பதிந்து பென்டிரைவில் போட்டு உறையில் வைத்து அனுப்புவார். அண்ணி கீழே அதன்மேல் சுரங்களைப் பதிந்து திருப்பி அனுப்புவார். பென்டிரைவுக்குக் கூடுதல் தபால்தலை ஒட்ட வேண்டும் என்று தபால் நிலையத்தில் தராசு வைத்து எடை போட்டார்கள். ஒன்பது கிராம். நான்கு மாதத்தில் முடிந்தது இரண்டு பாட்டு.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடம். மேல்வீட்டில் நாத்தனார் புதுத் தாளம் ஒன்றை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரை மெல்லியது. கீழே உட்கார்ந்திருந்த அண்ணியின் விரல்கள் தம் பாட்டுக்குச் சேர்ந்துகொண்டன. ஆறு நிமிடம் ஓடிற்று. ஒரு இடத்தில் அண்ணி நிறுத்தினார். அதே இடத்தில் மேலேயும் நின்றது. பிறகு இரண்டு தளத்திலும் யாரோ தேவையில்லாமல் இருமினார்கள். வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் நல்லா வாசிச்சீங்க," என்றார். "நான் பயிற்சி பண்ணினேன். மாடில என்ன நடக்குதுன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றார் அண்ணி. ஆனால் அவருக்கு ஒன்று தெரிந்திருந்தது. தாளத்தின் "டும் டும்" கேட்டது. அதோடு வர வேண்டிய "ஸ்ஸ் ஸ்ஸ்" கேட்கவில்லை.

மே மாதக் கடைசியில் நாத்தனார் பணி ஓய்வு பெற்றார். பிரிவுபசாரத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அது நாளுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கியது. மறுநாளே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டில் வேறு வேலை இல்லை. அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனிக்காரர் கேட்டிருந்தார்: பழைய ஆல்பத்தின் நீளம் எவ்வளவு, புதியதும் அதே அளவு இருந்தால் நல்லது. நாத்தனார் அந்தக் கேசட்டை 5-4-1998க்குப் பிறகு முழுதாகக் கேட்டதே இல்லை. மனம் வராது. இப்போது ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தார்.

17-6-2023, சனிக்கிழமை, கீழே வந்து விழுந்த கடிதம் முந்நூற்றுத் தொண்ணூற்றோராவது. "அண்ணி அவர்களுக்கு. பதிவன்று என் நோட்டில் 44 நிமிடம் 6 நொடி. கேசட்டில் 42 நிமிடம் 0 நொடி. இரண்டு நிமிடம் ஆறு நொடியைத் தின்றது யார்? நான் வீட்டுக்குப் போன பிறகு நீங்கள் வேகத்தை ஏற்றி ரகசியமாக மறுபடி பதிந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. விளக்கம் தேவை."

அண்ணிக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. "ரகசியமாவாம்! அந்த ஆஸ்பத்திரிக் கூண்டுக்குள்ள ரகசியமா இருமக்கூட முடியாது!" என்று கட்டிலுக்கடியில் புகுந்து கேசட் ஒன்றை இழுத்தார். தூசி தட்டினார். உள்ளே போட்டார். கோபத்தில், வழக்கமாகச் செய்வதைச் செய்ய மறந்தார்.

வழக்கம் என்னவென்றால், பதிவு செய்யும்போதெல்லாம் முதலில் ஆஸ்பத்திரி மெஷினிலிருந்து பத்து நொடி "பீப்" போடுவது அண்ணியின் பழக்கம். ஆயிரம் ஹெர்ட்ஸ். அளவு பார்த்துக்கொள்வதற்காக. அது கேசட்டிலும் அப்படியே வந்துவிட்டது, கேட்டவர்கள் அதையும் பாட்டு என்றே நினைத்தார்கள். ஆனால் போட்ட அண்ணி அதை ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றாடம் நானூறு பீப் கேட்கிறவர், ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து பீப்பா கேட்பார்? சண்டை நடந்த அன்றும் கேசட்டைப் பத்து நொடி முன்னால் ஓட்டிவிட்டுத்தான் போட்டார். இன்று ஓட்டவில்லை.

பீப் வந்தது.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். திருப்பி ஓட்டினார். மறுபடி போட்டார்.

"இது ஆயிரம் இல்லை," என்றார்.

"என்னது?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்க ஃபோன்ல சத்தத்தை அளக்கற சமாச்சாரம் ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அதைக் கொண்டாங்க."

ஃபோனைக் கேசட் பிளேயரின் வாயருகே பிடித்தார்கள். 1050 என்று காட்டியது. ஆஸ்பத்திரி மெஷினில் ஆயிரத்தைம்பது என்று ஒரு பொத்தானே கிடையாது. அதற்குச் சுருதித் திருகும் கிடையாது, யார் தூசி தட்டினாலும் அது ஏறாது. பீப்பே ஏறியிருக்கிறதென்றால் ஏறியது மெஷின் இல்லை, கேசட். மேசை மேல் கிடந்த முந்நூற்றுத் தொண்ணூற்றோராவது கடிதத்தைப் பார்த்தார். கணக்கில் புலி அல்ல அவர். வீட்டுக்காரரிடம் வகுக்கச் சொன்னார். நாற்பத்து நாலு நிமிடம் ஆறு நொடியை நாற்பத்திரண்டு நிமிடத்தால் வகுத்தால் 1.05. நூற்றிருபத்தாறை நூற்றிருபதால் வகுத்தால் 1.05. ஆயிரத்தைம்பதை ஆயிரத்தால் வகுத்தால் 1.05.

பிரதிக்கடையின் மெஷின் ஐந்து சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. யாரும் எந்தத் திருகையும் தொடவில்லை. ஒருவருக்குச் சுருதி மட்டும் தெரிந்தது, மற்றவருக்கு வேகம் மட்டும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கிறது என்று பார்க்க மூன்றாவது ஆள் வேண்டியிருந்தது. அந்த மூன்றாவது ஆள், "என்னை விட்டுருங்க" என்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அண்ணி கடிதம் எழுத உட்கார்ந்தார். "நாத்தனார் அவர்களுக்கு" என்று எழுதினார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. இரவு சரியாகத் தூக்கமும் இல்லை. காலையில் அந்தத் தாளையே எடுத்துப் பார்த்தார். மூன்று நாள்! எப்படிப் பொறுப்பது? செருப்பை மாட்டினார்.

18-6-2023, ஞாயிறு, காலை ஒன்பதரை. இருபத்தைந்து வருடம், இரண்டு மாதம், பதின்மூன்று நாள் கழித்து அண்ணி அந்தப் படிகளில் ஏறினார். ஒன்பதாவது படியில் மூச்சு வாங்க நின்றார். கதவைத் தட்டக் கை ஓங்குவதற்குள் கதவு திறந்தது.

"பதினாலு படி. முப்பத்தெட்டு நொடி," என்றார் நாத்தனார். "ஒம்பதாவதுல நின்னீங்க."

"எண்ணினியா?"

"வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு? லெட்டர் கிடைச்சுதா?"

"நேத்து கிடைச்சுது."

"நேத்தேவா? தபாலு இப்பல்லாம் வேகமாத்தான் போகுது."

"வேகத்தைப் பத்திப் பேசத்தான் வந்தேன். தப்பு உன் மேலயும் இல்லை, என் மேலயும் இல்லை," என்று அண்ணி கேசட்டையும் ஃபோனையும் மேசைமேல் வைத்தார். பீப்பைப் போட்டுக் காட்டினார். மூன்று வகுத்தலையும் காட்டினார். நாத்தனார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் தானும் ஒருமுறை வகுத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"இருபத்தஞ்சு வருஷம் தண்ணித் தொட்டி வழிஞ்சதுக்கெல்லாம் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கேனே அண்ணி!"

"நான் ஒட்டலையா? நூத்தி எம்பத்தேழு!"

"நான் இருநூத்தி அஞ்சு. அதுலயும் நான்தான் முன்னாடி."

"வேகமா ஓடறவதானே நீ," என்றார் அண்ணி. நாத்தனார் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து முடிக்க எத்தனை நொடி ஆயிற்று என்று யாரும் அளக்கவில்லை. அளக்க வேண்டியவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

"மூலக் கேசட் இருந்தா ஒரேயடியா நிச்சயம் பண்ணிடலாம்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

படிக்கட்டின் அடியில் ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் கீழே நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய்ப் பரண் ஏறி, "பழைய சாவிகள்" என்று லேபிள் ஒட்டிய தகர டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். திறந்தார். சாவி ஒன்றுகூட இல்லை.

"அண்ணே!" என்றார் தங்கை.

"ஏங்க!" என்றார் மனைவி.

"சமாதானத்துக்காகத்தான்," என்றார் அவர், அகப்பட்ட பையன் போல. அடுத்த கால் மணி நேரம் இருவரும் ஒரே கட்சியில் நின்று அவரை வறுத்தெடுத்தார்கள். அத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். சேர்ந்தே செய்ததால் மிக நன்றாகச் செய்தார்கள். பிறகு மூலக் கேசட்டைப் போட்டார்கள். பீப் ஆயிரத்தில் நின்றது. ஸ்டாப்வாட்ச் 44 நிமிடம் 6 நொடியில் நின்றது.

தபாலில் நான்கு மாதத்தில் இரண்டு பாட்டு. நேரில் நாற்பத்திரண்டு நாளில் ஏழு பாட்டு. ரிதம் பாக்ஸ் படியிறங்கிக் கீழ்வீட்டுக் கூடத்துக்கு வந்தது. கடைசிப் பாட்டின் தாளத்தையும் சுரங்களையும் கலக்கும்போது அண்ணி, "தாளத்துல அந்த ஸ்ஸ் ரொம்பக் கம்மியா இருக்கு. ஏத்து," என்றார். நாத்தனார் ஏற்றினார். "இன்னும்." இன்னும் ஏற்றினார். "இன்னும்." பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிற்று. நாத்தனார் திருகைப் பழைய இடத்துக்கே மெல்லக் கொண்டுவந்தார்.

"அதை நான் பாத்துக்கறேன் அண்ணி," என்றார். "மேல இருக்கறது என் பொறுப்பு. கீழ இருக்கறது உங்க பொறுப்பு. வீடு மாதிரியே."

அண்ணி அவர் முகத்தைப் பார்த்தார். நாத்தனார் ஒயரைச் சுற்றுவதில் மும்முரமாக இருந்தார். இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அண்ணிக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. ஆனால் அன்று முதல் "ஸ்ஸ்" வரும் இடங்களில் நாத்தனார் மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். அண்ணி தலையசைத்தார்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு, எல்லாம் பிரமாதம், ஆனால் பழைய ஆல்பத்தின் அந்தத் துள்ளல் இல்லையே என்று ஃபோன் செய்தார். அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தம்பி, ஒண்ணு செய்யுங்க," என்றார் நாத்தனார். "அஞ்சு சதவீதம் வேகமா ஓட்டிப் பிரதி எடுங்க. அதான் எங்க ஸ்டைல்."

மூலத்தில் 44 நிமிடம் 6 நொடி. வெளியீட்டில் 42 நிமிடம். 20-10-2023, வெள்ளிக்கிழமை, "மின்வெட்டு" குழுவின் இரண்டாவது ஆல்பம் "பதினாலு படி" வெளியானது. முதல் பத்து நொடி பீப். ஐந்நூறு இசைத்தட்டுகள் மூன்று வாரத்தில் தீர்ந்தன. ஊரில் நடந்த நிகழ்ச்சிக்கு "மீண்டும் மின்வெட்டு" என்று சுவரொட்டி ஒட்டியதில் மின்வாரியத்துக்கு அறுபது ஃபோன் போனதாகக் கேள்வி. அங்கிருந்து ஒருவர் வந்தார். 1997இல் வந்த அதே ஆள். ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். இந்த முறை டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்.

டிசம்பரில் தெருமுனைத் தபால் பெட்டியை மாற்றினார்கள். துருப்பிடித்த பழைய பெட்டியை உடைத்தபோது உட்தகட்டுக்குப் பின்னால் ஒரு கடிதம் செருகிக்கொண்டு கிடந்தது. தபால்காரர் அதை அச்சடித்த வருத்தச் சீட்டோடு கொண்டுவந்து அண்ணி கையில் கொடுத்தார். "உங்க வீட்டு லெட்டர்தான். வேற யாரோடது இருக்கப் போவுது!" என்றார். உறையில் நாத்தனாரின் கையெழுத்து. உள்ளே தேதி 16-6-2023, அதாவது அண்ணி படியேறியதற்கு இரண்டு நாள் முன்பு. முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டாவது கடிதம், நாத்தனார் எண்ணிச் சொன்ன இருநூற்றைந்தாவது, கடைசிக் கடிதம். அறிக்கை போல இல்லை, பேசுவது போல இருந்தது.

"அண்ணி, தபால்ல திட்டினது போதலைன்னு நேத்து சாயங்காலம் நாலே காலுக்கு நேர்ல திட்டலாம்னு கீழ வந்தேன். பெல் அடிச்சேன். நீங்க ஜன்னல் பக்கம் பாத்துகிட்டு வாசிச்சிட்டு இருந்தீங்க. திரும்பலை. மறுபடி அடிச்சேன். எனக்குக் கோவமா வந்துச்சு. மூணாவது தடவை அடிச்சப்பத்தான் புரிஞ்சுது, அந்தக் குருவி கத்தறது உங்களுக்குக் கேக்கலைன்னு. எவ்வளவு நாளா அண்ணி? யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். வேகத் திருகைத் திருகினது நான்தான்னு வெச்சுக்கோங்க. நூத்தி இருபத்தாறே இருக்கட்டும். எனக்கு அது பழகிடுச்சு. உங்களுக்குக் கேக்கும்போதே முடிச்சிடலாம். இந்த லெட்டர் திங்கட்கிழமை வரும். அன்னிக்கு நான் பெல் அடிக்க மாட்டேன், கதவைத் தட்டறேன்."

கடிதம் வந்து சேர்ந்தது 11-12-2023, திங்கட்கிழமை.